வாசகர் கேள்வி – பதில்: சபையாகக் கூடித் தேவசித்தம் தேடுதல்

இம்மாதம் வந்த கடிதங்களில் பல, சபையாரும் நிர்வாகக் குழுவினரும் ஒன்றுகூடி ஆண்டவருடைய சித்தத்தை எப்படி அறிவது என்பதையே வெவ்வேறு கோணங்களிலிருந்து கேட்டிருந்ததால், அவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் தருகிறோம். எழுதியவர்களின் பெயர்களையும் சபைகளின் அடையாளங்களையும் நீக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஆராதனை மண்டபத்தை விரிவாக்குவதா, அதற்கெனச் சேர்ந்த பணத்தைக் கொண்டு வேறோர் இடத்தில் புதிய கூடுகையைத் தொடங்குவதா என்று எங்கள் சபையில் நெடுநாளாகப் பேசி வருகிறோம். கூட்டத்தை ஜெபத்தோடு தொடங்குவோம். பிறகு வாக்குவாதம் நடக்கும். கை தூக்கச் சொல்லி எண்ணுவோம். மறுபடி ஜெபத்தோடு முடிப்போம். தோற்ற பக்கத்தினர் அதன்பின் ஆராதனைக்கு ஒழுங்காக வருவதில்லை. ‘வாக்கெடுப்பை விட்டுவிட்டு, சேர்ந்து தேவசித்தத்தைப் பகுத்தறியுங்கள்’ என்று சிறப்புச் செய்தி கொடுக்க வந்த ஒருவர் சொல்லிப் போனார். நடைமுறையில் அதை எப்படிச் செய்வது? – சபை மூப்பர் ஒருவர்

பதில்: அப்போஸ்தலர் நடபடிகள் 15-ஆம் அதிகாரத்தை நிர்வாகக் குழுவினர் அனைவரும் ஒருமுறை நிதானமாக வாசித்துவிட்டு வரும்படி முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். புறஜாதியிலிருந்து வந்த விசுவாசிகள் விருத்தசேதனம் பண்ணிக்கொள்ள வேண்டுமா என்ற கேள்வி ஆதித் திருச்சபையையே இரண்டாக்கியிருக்கக்கூடியது. ‘மிகுந்த தர்க்கம்’ உண்டானது என்று லூக்கா ஒளிக்காமல் எழுதுகிறார். பேதுரு கொர்நேலியுவின் வீட்டில் தாம் கண்டதைச் சொல்கிறார். அடுத்து, கூடியிருந்த யாவரும் ‘அமைந்திருந்து’ பர்னபாவும் பவுலும் விவரிப்பதைக் கேட்கிறார்கள். அதன்பின் யாக்கோபு, கேட்ட அனுபவங்களை ஆமோஸின் தீர்க்கதரிசனத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தம் கருத்தை வைக்கிறார். முடிவில் எழுதிய நிருபத்தில்தான், ‘பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது’ என்ற சொற்கள் வருகின்றன. அந்தச் சங்கத்தில் ஜெபித்தார்கள் என்று லூக்கா எங்கும் குறிப்பிடவில்லை என்பதையும் கவனியுங்கள். ஜெபிக்காமல் இருந்திருக்க மாட்டார்கள். ஆனாலும் அவர் பதிவு செய்யத்தக்கதாகக் கருதியது பேச்சையும், அதைவிட முக்கியமாக, பிறர் பேசும்போது மற்றவர்கள் வாய்மூடிக் கேட்டதையும்தான். உங்கள் கடிதத்தில் ஜெபம் இருக்கிறது, பேச்சும் இருக்கிறது. கேட்டதைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. தோற்றவர்கள் விலகிப் போனதற்கு வாக்கு எண்ணிக்கையைவிட, தங்கள் மனத்தில் இருந்ததை யாரும் கேட்கவில்லை என்ற வருத்தமே காரணமாக இருக்கும் என்பது என் கணிப்பு.

இனி நடைமுறைக்கு வருகிறேன். ஜெபத்துக்கு உட்காருமுன் தகவல்களைத் திரட்டுங்கள். கோபுரத்தைக் கட்ட மனதுள்ளவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று சொன்னவர் ஆண்டவரே. விரிவாக்கத்துக்கு எவ்வளவு ஆகும், கடன் வாங்க நேருமா, புதிய கூடுகையை நடத்தப் போகிறவர் யார், இப்போதைய மண்டபம் ஆண்டில் எத்தனை ஞாயிறு உண்மையில் நிரம்புகிறது ஆகிய விவரங்கள் எல்லார் கைக்கும் எழுத்தில் போய்ச் சேர வேண்டும். சிலருக்கு மட்டும் கணக்கு தெரிந்திருக்க, மற்றவர்கள் ‘ஆவியின் ஏவுதலுக்கு’க் காத்திருப்பதாக ஒரு கூட்டம் நடந்தால், அங்கே தெரிந்தவர்களின் விருப்பமே தேவசித்தமாக வெளிவரும்.

அடுத்ததாக, 1539-ஆம் ஆண்டு ரோம் நகரில் பின்னர் இயேசு சபை என்னும் கத்தோலிக்கத் துறவற அமைப்பை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியாரும் தோழர்களுமாகப் பத்துப் பேர் கைக்கொண்ட முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நீங்கள் எந்தத் திருச்சபைப் பிரிவைச் சேர்ந்தவராயினும் அது உங்களுக்கு உதவும். தங்களுள் ஒருவருக்குக் கீழ்ப்படிவதாக வாக்குறுதி செய்து ஒரே அமைப்பாக இயங்குவதா என்பது அவர்கள் முன்னிருந்த கேள்வி. பல நாள் ஜெபித்தும் பேசியும் தெளிவு வராததால் மூன்று ஒழுங்குகளை ஏற்படுத்திக்கொண்டார்கள். ஒவ்வொருவரும் தம் சொந்த விருப்பத்தைக் கீழே வைத்துவிட்டு ஜெபிக்க வேண்டும். இந்தப் பொருளைப் பற்றித் தனியே இருவர் இருவராகப் பேசி ஒருவரை ஒருவர் இழுக்கக் கூடாது. இந்தக் குழுவில் தாம் சேரப்போவதே இல்லை என்பதுபோல, வெளியாள் ஒருவரின் நிலையில் நின்று யோசிக்க வேண்டும். பிறகு கூடியபோது, ஒருநாள் முழுவதும் எல்லாருமே அந்த யோசனைக்கு எதிரான காரணங்களை மட்டும் சொன்னார்கள். அடுத்த நாள் எல்லாருமே ஆதரவான காரணங்களை மட்டும் சொன்னார்கள். முழுத் தேடலும் ஏறத்தாழ மூன்று மாதம் நீடித்து, ஒருமனப்பட்ட முடிவில் நின்றது. மறு ஆண்டு, 1540-இல், இயேசு சபை முறைப்படி அங்கீகாரம் பெற்றது.

இந்த ஏற்பாட்டின் நுட்பத்தை உங்கள் கூட்டத்திலேயே சோதித்துப் பார்க்கலாம். மண்டப விரிவாக்கத்துக்காகவே பாடுபட்டுவரும் மூப்பரும், விரிவாக்கத்தால் வரக்கூடிய கேடு ஒன்றையாவது தம் வாயால் சொல்ல வேண்டும் என்று ஒரு மாலையை ஒதுக்குங்கள். ‘கடன் அடைபடும்வரை ஊழியங்களுக்குப் பணம் இராது’ என்று அவரே சொல்லக் கேட்கும்போது, அதுவரை அதையே கத்திச் சொல்லிவந்தவர்கள் அமைதியாகிவிடுவார்கள். மறுகூட்டத்தில், அவர்கள் தங்கள் பங்குக்கு விரிவாக்கத்தின் நன்மைகளைச் சொல்ல வேண்டியிருக்கும். இரண்டு சுற்று முடிந்தபின் யாரும் எந்தப் பக்கத்துக்கும் சொந்தக்காரராக இருப்பதில்லை. அவரவர் சொன்ன காரணம் அவரவர் பெயரிலிருந்து பிரிந்து, சபையின் காரணமாகிவிடுகிறது. கூட்டம் முடிந்து வாகன நிறுத்துமிடத்திலும் தொலைபேசியிலும் நடக்கும் ஆள்பிடிப்பை நிறுத்தவும் அந்த இரண்டாம் ஒழுங்கைக் கண்டிப்பாக வையுங்கள். பெரும்பாலான சபைகளில் முடிவுகள் உண்மையில் அங்கேதான் எடுக்கப்படுகின்றன.

நாற்பது ஐம்பது பேர் ஒரே அறையில் உட்கார்ந்தால் வழக்கமாகப் பேசுகிறவர்களே பேசுவார்கள். ஆறு எட்டுப் பேராக வட்டமாக அமருங்கள். 2023, 2024 அக்டோபர் மாதங்களில் வத்திக்கானில் கூடிய கத்தோலிக்க ஆயர் மாமன்றத்தில் கர்தினால்களும் பொதுநிலையினரும் வட்ட மேசைகளில் சேர்ந்து அமர்ந்து பின்பற்றியதும் ஏறக்குறைய இத்தகைய ஒழுங்குதான். முதல் சுற்றில் ஒவ்வொருவரும் தாம் ஜெபத்தில் கண்டதைச் சுருக்கமாகச் சொல்வார்கள், இடைமறிப்பதில்லை, மறுப்பதில்லை. சற்று மௌனம். இரண்டாம் சுற்றில் தம் கருத்தைத் திரும்பச் சொல்லாமல், மற்றவர்கள் சொன்னவற்றுள் தம்மை அசைத்தது எது என்று மட்டும் சொல்வார்கள். மறுபடி மௌனம். அதன்பிறகே சேர்ந்து பேசி, ஒத்துப்போவது எது, ஒத்துப்போகாதது எது என்று எழுதுவார்கள். இரண்டாம் சுற்றுதான் கடினமானது. பிறர் பேசும்போது தம் பதிலைத் தயாரித்துக்கொண்டிருந்தவருக்கு அப்போது சொல்ல ஒன்றும் இராது.

இதற்குப் பிறகும் வாக்கெடுப்பு தேவைப்படலாம். உங்கள் சபையின் சட்டவிதி அதைக் கோருமானால் தவிர்க்கவும் முடியாது. எடுங்கள், அதில் பாவம் எதுவும் இல்லை.

கேள்வி: எங்கள் போதகர் எந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தாலும் ‘கர்த்தர் என்னோடு பேசினார்’ என்று தொடங்குகிறார். அதன்பின் யார் வாய் திறக்க முடியும்? வாய் திறந்தால் ஆவியை அவித்துப்போடுகிறீர்கள் என்கிறார். – பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அவர் எடுத்துக்காட்டும் வசனத்தை அடுத்த இரண்டு வசனங்களோடு சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். ‘ஆவியை அவித்துப்போடாதிருங்கள். தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள். எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்’ என்பது பவுல் தெசலோனிக்கேயருக்கு ஒரே மூச்சில் எழுதியது. சோதித்துப் பார்ப்பதை ஆவியை அவிப்பதாக அவர் கருதவில்லை. கொரிந்து சபைக்கு இன்னும் திட்டமாக, தீர்க்கதரிசிகள் இரண்டு பேராவது மூன்று பேராவது பேசலாம், மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள் என்று எழுதினார். நிதானிக்கும் வேலை அங்கே பேசியவரிடம் விடப்படவில்லை, கேட்டவர்களுக்கே தரப்பட்டிருக்கிறது என்பதை அடிக்கோடிட்டு வையுங்கள். யோவானும், எல்லா ஆவிகளையும் நம்பாமல் அவை தேவனால் உண்டானவைகளோ என்று சோதித்தறியும்படி சொல்வது ஆயர்களுக்கு மட்டுமன்று, ‘பிரியமானவர்களே’ என்று விளிக்கப்பட்ட சபையார் யாவருக்குமே.

ஆதித் திருச்சபை இதில் எவ்வளவு விழிப்பாக இருந்தது என்பதற்கு ‘டிடாகே’ என்னும் மிகப் பழைய போதனை நூல் சாட்சி. ஆவியில் பேசுகிறேன் என்று சொல்லித் தனக்குப் பணம் கேட்கிறவனுக்குச் செவிகொடாதிருங்கள் என்றும், மூன்று நாள் தங்கிவிடுகிற ஊர்சுற்றும் அப்போஸ்தலன் கள்ளத்தீர்க்கதரிசி என்றும் அது ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது. அனுபவப்பட்டவர்கள் எழுதியது என்பது வாசிக்கும்போதே தெரியும்.

உங்கள் போதகர் பொய் சொல்கிறார் என்று நான் கருதவில்லை. ஜெபத்தில் அவருக்கு ஓர் ஏவுதல் உண்மையிலேயே வந்திருக்கலாம். அதை அவர் சபை முன் வைக்கும் விதத்தில்தான் சிக்கல் இருக்கிறது. ‘ஜெபத்தில் எனக்கு இப்படித் தோன்றுகிறது, நீங்கள் சோதித்துப் பாருங்கள், தவறாக இருந்தால் சொல்லுங்கள்’ என்று அதே ஏவுதலை அவர் சொல்லலாம். ஆண்டவர் பேசியிருந்தால், சோதிப்பதால் அந்த வார்த்தைக்கு ஒரு குறைவும் வந்துவிடாது. தனியே, மரியாதையோடு, இன்னொரு மூப்பரையும் உடன் அழைத்துக்கொண்டு இதை அவரிடம் பேசிப் பாருங்கள். அத்துடன் ஒரு நிர்வாக ஒழுங்கையும் முன்வைக்கலாம்: ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தவர், அந்தத் திட்டத்தைப் பரிசீலிக்கும் கூட்டத்துக்குத் தலைமை தாங்கக் கூடாது. இந்த ஒன்றை ஏற்க அவர் மறுத்தால், அவருடைய வெளிப்பாடுகளைக் குறித்து உங்களுக்கு வேண்டிய விடை அந்த மறுப்பிலேயே கிடைத்துவிடும்.

கேள்வி: சபைப் பணத்தில் முறைகேடு நடந்ததாகப் புகார் எழுந்துள்ளது. உபவாசித்து, ஒன்றாகத் தேவசித்தம் அறிந்து முடிவெடுப்போம் என்கிறார் செயலாளர். சரியா? – பொதுக்குழு உறுப்பினர்

பதில்: சரியன்று. களவு தேவசித்தமா என்பதைத் தேடி அறிய வேண்டியதில்லை. வெளித் தணிக்கையாளரிடம் கணக்கேடுகளை ஒப்படையுங்கள். பிள்ளைகளோ பெண்களோ துன்புறுத்தப்பட்டதாகப் புகார் வந்தாலும் அப்படியே, உடனடியாகச் சட்டப்படி தெரிவிக்க வேண்டிய இடத்தில் தெரிவித்துவிட வேண்டும். நல்லவை இரண்டில் எதைத் தெரிந்துகொள்வது என்ற இடத்துக்கு உரியது கூடித் தேடுதல். அதைக் காலம் கடத்தும் திரையாகப் பயன்படுத்துவது அந்த நல்ல பழக்கத்தின் பெயரையே கெடுத்துவிடும். உபவாசிக்க விரும்புகிறவர்கள், தணிக்கை நடந்துகொண்டிருக்கும்போது உபவாசிக்கட்டும்.

கேள்வி: ஒருமனப்பாடு வரும்வரை காத்திருப்பது என்று தீர்மானித்தோம். ஒரே ஒரு சகோதரர் மட்டும் ‘என் உள்ளத்தில் சமாதானம் இல்லை’ என்று எல்லாவற்றையும் நிறுத்தி வைத்திருக்கிறார். அவரை மீறலாமா? – நிர்வாகக் குழுச் செயலாளர்

பதில்: மீறுமுன் 1 இராஜாக்கள் 22-ஐ வாசியுங்கள். ஏறக்குறைய நானூறு தீர்க்கதரிசிகள், போருக்குப் போம், ஜெயம் கிடைக்கும் என்று ஒரே குரலில் இஸ்ரவேலின் ராஜா ஆகாபுக்குச் சொன்னார்கள். மிகாயா என்ற இன்னொரு தீர்க்கதரிசியை அழைக்கப் போன ஆள், அவர்கள் எல்லாரும் சொன்னதையே நீயும் சொல்லிவிடு என்று வழியிலேயே அவனுக்குப் புத்தி சொன்னான். மிகாயா சொல்லவில்லை, சிறைக்குப் போனான். ஆகாப் போருக்குப் போய் இறந்தான். நானூறு பேரின் ஒருமனப்பாடு எப்படிப்பட்டது என்பது அவர்களைக் கேட்டுக்கொண்டிருந்த யூதாவின் ராஜா யோசபாத்துக்கே உறுத்தியதால்தான், வேறே யாராவது உண்டா என்று அவன் விசாரித்தான். எல்லாரும் எளிதில் ஒத்துப்போகும் கூட்டத்தில் யோசபாத்தின் அந்தக் கேள்வியைத் தலைவர் கட்டாயம் கேட்க வேண்டும்.

ஆகவே அந்தச் சகோதரரிடம் முதலில், உங்கள் சமாதானமின்மை எதைப் பற்றியது என்று கேளுங்கள். ‘சமாதானம் இல்லை’ என்ற சொல்லோடு பேச்சை முடித்துவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. காயப்பட்டுப் படுக்கையில் கிடந்த நாள்களில் இஞ்ஞாசியார் தம் உள்ளத்தின் அசைவுகளைக் கவனிக்கப் பழகினார். வீரப் பெருமைகளைப் பற்றிய கற்பனைகள் அப்போதைக்கு இனித்துப் பின்பு வறட்சியை விட்டுச் சென்றதையும், புனிதர்களைப் போல வாழ வேண்டும் என்ற நினைவுகள் மறைந்தபின்னும் மகிழ்ச்சி தங்கியதையும் அவர் கண்டார். கலக்கத்துக்கும் இப்படி வேர்கள் உண்டு. மாற்றத்தைக் குறித்த பயமோ, முன்பு பட்ட அவமானமோ, வேறு யார் கண்ணுக்கும் படாத ஓர் உண்மையான ஆபத்தோ அதற்கு அடியில் இருக்கலாம். எது என்று அவருக்கே தெரியாமலிருக்கவும் கூடும். அவரோடு இருவர் அமர்ந்து, வாதிடாமல், கேள்வி மட்டும் கேட்டால் அது வெளியே வரும்.

ஆனால் முடிவில்லாமல் காத்திருப்பதும் நல்லதென்று சொல்லிவிட முடியாது. வாக்கெடுப்பே இன்றி, கூட்டத்தின் ஒருமித்த உணர்வைக் கண்டறிந்து செயல்படுகிறவர்கள் குவேக்கர்கள் எனப்படும் நண்பர்கள் சங்கத்தார். 1688-இல் பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுன் கூட்டத்தைச் சேர்ந்த நால்வர், அடிமைகளை வைத்திருப்பது கிறிஸ்தவனுக்குத் தகாது என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். விஷயம் மிகப் பெரியது என்று மேல்கூட்டங்கள் அதைத் தீர்க்காமலே விட்டுவிட்டன. 1758-இல் குவேக்கரான ஜான் உல்மன் முதலானோர் பிலடெல்பியா ஆண்டுக் கூட்டத்தில் பேசியபிறகே, அடிமைகளை வாங்குவோரையும் விற்போரையும் சங்கப் பொறுப்புகளிலிருந்து விலக்கும் முடிவு வந்தது. அடிமை வைத்திருப்பவரைச் சங்கத்திலிருந்தே நீக்குவது என்ற நிலைக்கு வர 1776 ஆயிற்று. சிறுபான்மையாக நின்ற அந்த நால்வரே சரியானவர்கள் என்பதற்கு இந்த வரலாற்றைச் சான்றாகக் காட்டலாம். ஒருமனப்பாட்டுக்காகக் காத்திருந்த எண்பத்தெட்டு ஆண்டுகளின் விலையைக் கொடுத்தவர்கள், அந்தக் கூட்டத்தில் நாற்காலியே இல்லாத அடிமைகள் என்பதற்கும் அதையே சான்றாகக் காட்டலாம். உங்கள் தாமதத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். கொடுப்பவர் அறையில் இல்லையென்றால் காத்திருப்புக்கு ஒரு தேதி குறியுங்கள்.

உடன்பாடு, முழு மறுப்பு ஆகிய இரண்டுக்கும் நடுவே இடமிருக்கிறது என்பதையும் அந்தச் சகோதரருக்குச் சொல்லுங்கள். உலகத் திருச்சபைகள் மன்றம், பெரும்பான்மை வாக்கால் தங்கள் குரல் அமிழ்ந்துபோவதாக ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகள் வருந்தியதை ஏற்று, வாக்கெடுப்பு முறையிலிருந்து ஒருமித்த கருத்து முறைக்கு மாறியது. 2006-இல் பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரேயில் கூடிய பேரவையில் உறுப்பினர்கள் கையில் இரண்டு அட்டைகள் இருந்தன. யோசனை மனத்துக்கு இசைவாக இருந்தால் ஆரஞ்சு நிற அட்டையையும், இசையாவிட்டால் நீல நிற அட்டையையும் காட்டுவார்கள். இசைவு இல்லாதவர்களைத் தலைவர் பேச அழைப்பார். பேசியபின், ‘நான் இதை ஏற்கவில்லை, ஆனால் என் மறுப்பைப் பதிவு செய்துகொண்டு சபை முன்செல்வதைத் தடுக்க மாட்டேன்’ என்று ஒருவர் ஒதுங்கி நிற்கலாம். அந்தப் பதிவு எழுத்தில் இருக்க வேண்டும். கூட்டம் கலையுமுன் உரக்க வாசிக்கப்பட வேண்டும்.

கேள்வி: இரண்டும் சமமாகத் தோன்றினால் சீட்டுப் போடலாமா? – வாசகர்

பதில்: யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தெரிந்துகொள்ளச் சீட்டுப் போட்டார்கள். அதற்குமுன் தகுதி இன்னதென்று வரையறுத்து, இருவரை நிறுத்தி, ஜெபித்தார்கள் என்பதை மறக்க வேண்டாம். பெந்தெகொஸ்தே நாளுக்குப்பின் அப்போஸ்தலர்கள் சீட்டுப் போட்டதாக வேதத்தில் இல்லை. யோசிக்கச் சோம்பல்பட்டுச் சீட்டை எடுப்பதாயிருந்தால் வேண்டாம்.

கேள்வி: வாலிபர்களாகிய எங்களை ஜெபிக்க அழைக்கிறார்கள், முடிவெடுக்கும் கூட்டத்தில் பேச விடுவதில்லை. – வாலிபர் ஐக்கியச் செயலாளர்

பதில்: ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் தம் மடங்களுக்கு எழுதிய ஒழுங்கின் மூன்றாம் அதிகாரத்தை உங்கள் மூப்பர்களுக்குக் காட்டுங்கள். முக்கியமான காரியம் எதுவானாலும் மடத்தலைவர் எல்லாரையும் கூட்டி ஆலோசனை கேட்க வேண்டும் என்றும், சிறந்ததை ஆண்டவர் பலமுறை இளையவருக்கே வெளிப்படுத்துவதால்தான் எல்லாரையும் அழைக்கச் சொல்வதாகவும் அவர் எழுதியிருக்கிறார். கேட்டபின் முடிவு தலைவருடையது என்பதும் அதே அதிகாரத்தில் இருக்கிறது. அதையும் நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். முதல் சுற்றில் வயதில் இளையவரிலிருந்து பேசத் தொடங்குவது நல்ல வழக்கம். மூத்தவர் பேசிவிட்டால் அதற்குப்பின் இளையவர் மாற்றிப் பேசத் தயங்குவார்.

கேள்வி: நாற்பது நாள் ஜெபித்து, ஒருமனமாகத் தொடங்கிய ஊழியத்தை இரண்டே ஆண்டில் மூட வேண்டியதாயிற்று. அப்படியானால் நாங்கள் கேட்டது ஆண்டவருடைய சத்தமில்லையா? – சபை உறுப்பினர் ஒருவர்

பதில்: மூடப்பட்டது என்பதாலேயே தவறாகக் கேட்டீர்கள் என்று சொல்லிவிட முடியாது. அப்போஸ்தலர் 21-இல் தீரு பட்டணத்துச் சீஷர்கள், எருசலேமுக்குப் போக வேண்டாம் என்று ஆவியின் ஏவுதலினாலே பவுலுக்குச் சொன்னார்கள். செசரியாவில் அகபு அவருடைய கச்சையால் தன் கைகளையும் கால்களையும் கட்டிக்காட்டி, இப்படியே கட்டப்படுவீர் என்றான். பவுலோ, அதே ஆவியால் கட்டுண்டவராகப் போவதாகச் சொல்லியிருந்தார். வரப்போகும் துன்பத்தை எல்லாருமே சரியாகக் கண்டார்கள். அதனால் போகலாமா கூடாதா என்பதில்தான் பிரிந்தார்கள். வற்புறுத்திப் பார்த்துவிட்டு, ‘கர்த்தருடைய சித்தம் ஆகக்கடவது’ என்று அமைந்தார்கள். பவுல் சிறைப்பட்டார். யார் தவறாகக் கேட்டார்கள் என்று லூக்கா தீர்ப்பு எழுதவில்லை.

தவறாகவே முடிவெடுத்திருக்கவும் வாய்ப்புண்டு. யோசுவா 9-இல் கிபியோனியர் பூசணம் பூத்த அப்பத்தையும் கிழிந்த தோல்பைகளையும் காட்டித் தூரதேசத்தார்போல் நடித்தபோது, இஸ்ரவேலின் தலைவர்கள் கர்த்தரிடம் கேளாமலே உடன்படிக்கை செய்தார்கள். மூன்று நாளில் உண்மை தெரிந்தது. சபையார் பிரபுக்கள்மேல் முறுமுறுத்தார்கள். ஆயினும் கொடுத்த ஆணையை மீறாமல், அந்த முடிவின் விளைவுகளைத் தலைவர்களே ஏற்று நடந்தார்கள்.

உங்கள் சபையில் எது நடந்தது என்று அறிய ஒரு கூட்டம் கூட்டுங்கள். அன்றைய பதிவேட்டைக் கொண்டுவந்து, எந்தக் காரணங்களைச் சொல்லித் தொடங்கினோம், அவற்றில் எது பொய்த்தது, எது இன்றும் நிற்கிறது, அன்று யாராவது தயங்கினார்களா, அந்தத் தயக்கம் எழுதப்பட்டதா என்று வரிவரியாகப் பாருங்கள். அந்த ஊழியத்தால் பயனடைந்தவர்கள் இருந்தால் அவர்களையும் அழைத்து, முதலில் பேச விடுங்கள். பதிவேட்டில் காரணங்களே இல்லாமல், ‘ஒருமனமாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்ற ஒரே வரிதான் இருக்கிறது என்றால், அடுத்த தீர்மானத்தை எழுதும்போது காரணங்களையும், தயங்கியவர்களின் சொற்களையும், ஓராண்டுக்குள் மறுபரிசீலனை செய்யும் தேதியையும் சேர்த்து எழுதச் செயலாளரிடம் சொல்லிவிடுங்கள்.